வெண்ணெய் விலை எழுதியவள்

போலந்தின் ராடோம் நகரத்துக் கடைக்காரர்களுக்கு செலினாவைப் பார்த்தாலே முகம் சுருங்கிவிடும். இத்தனைக்கும் அவள் வரி அதிகாரி இல்லை. கடைக்குள் வருவாள், அலமாரி முன்னால் நிற்பாள், விலைச் சீட்டைப் படிப்பாள், கையிலிருக்கும் டேப்லெட்டில் அதைத் தட்டிவிட்டு ஒரு குண்டூசிகூட வாங்காமல் போய்விடுவாள். புள்ளிவிவர அலுவலகத்துக்காக இருபத்திரண்டு வருடமாக அவள் செய்துவரும் வேலை அது. அதே கடை, அதே பொருள், அதே எடை. இருநூறு கிராம் வெண்ணெயைக் கம்பெனிக்காரன் சத்தமில்லாமல் நூற்றெழுபது கிராமாக்கினால், அதையும் கண்டுபிடித்து எழுதியாக வேண்டும்.

"விலைக்காரி வந்தாச்சு! எல்லாரும் பர்ஸைப் பிடிச்சுக்குங்க!" என்று மளிகைக்கடை வியோலெட்டா வாசலிலேயே கூவுவாள்.

"நான் ஏத்தலியே தாயே! நீ ஏத்துறே, நான் எழுதறேன்" என்பாள் செலினா சிரித்துக்கொண்டே.

எழுதுவது மட்டும்தான் தன் வேலை என்று அவள் முழுசாக நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கை உடைந்த கதைதான் இது.

மகன் பாட்ரிக் நகரப் பேருந்து ஓட்டுகிறான். மருமகள் இகாவுக்கு மரச்சாமான் கடையில் வேலை. வீடு வாங்க வங்கிக்குப் போனபோது, அங்கே இரண்டு வழி சொன்னார்கள். ஒன்றில் தவணை ஐந்து வருடத்துக்கு மாறாது, ஆனால் கொஞ்சம் அதிகம். இன்னொன்றில் இப்போதைக்குக் குறைவு. நாட்டில் வட்டி ஏறினால் தவணையும் ஏறும். பாட்ரிக் தயங்கினான். செலினா தயங்கவில்லை.

"இவ்வளவு குறைஞ்ச வட்டியை என் ஆயுசுல பார்த்ததில்லடா. விலைவாசி எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா? மாறுற வட்டியே போடு. மிச்சப்படுற காசுல குழந்தைக்கு ஒரு ரூம் பண்ணு."

அம்மாவுக்குத் தெரியாத விலையா? மகன் கையெழுத்துப் போட்டான். நாலாவது மாடியில் வீடு. என்றாவது பிறக்கப்போகும் குழந்தைக்காக ஒரு அறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்தார்கள். இகா நாற்காலி போட்டு ஏறி, கூரையில் நட்சத்திரம் ஒட்டினாள்.

அப்புறம் விலைகள் கிளம்பின. பக்கத்து நாட்டில் போர் வந்ததும் எரிவாயுவும் கோதுமையும் கைக்கு எட்டாமல் பறந்தன. செலினா எழுதிய எண்களும், அவளைப் போன்றவர்கள் நாடெங்கும் எழுதிய எண்களும் தலைநகர் வார்சாவுக்குப் போய் ஒரே எண்ணாகச் சேர்ந்தன. அதைப் பார்த்துவிட்டு மத்திய வங்கியின் பெரியவர்கள் மாதாமாதம் கூடி வட்டியை ஏற்றினார்கள். கடன் கனத்துப்போனால் மக்கள் செலவைக் குறைப்பார்கள், வாங்க ஆளில்லாவிட்டால் விலை அடங்கும். மருந்து சரியான மருந்துதான். ஆனால் அந்தக் கசப்பு முதலில் யார் தொண்டையில் இறங்குகிறது?

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாட்ரிக்குக்கு வங்கியிலிருந்து கடிதம் வந்தது. ஆயிரத்து எழுநூறு ஸ்வோட்டியாக இருந்த தவணை இரண்டாயிரத்து முந்நூறானது. பிறகு மூவாயிரத்து இருநூறு. அவன் சம்பளமே நாலாயிரத்து ஐந்நூறுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் செலினா அங்கே சாப்பிடப் போனாள். வழக்கமான இறைச்சி வறுவல் இல்லை. தட்டில் உருளைக்கிழங்கு அடை மட்டும் இருந்தது.

"குழந்தை இப்போ வேணாம்னு முடிவு பண்ணிட்டோம் அத்தை" என்றாள் இகா, அடையைத் திருப்பிப் போட்டபடி.

செலினா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏம்மா அப்படிச் சொல்றே?"

"வேற எப்படிச் சொல்ல? நீங்க வெண்ணெய் ஏழு ஸ்வோட்டின்னு எழுதுறீங்க. அவங்க வட்டியை ஏத்துறாங்க. எங்க வீட்டுக்குக் கடுதாசி வருது. உங்க விரலாலேயே எங்க கழுத்தை நெரிக்கிறீங்களே அத்தை, வலிக்கலையா?"

"இகா, வாயை மூடு!" பாட்ரிக் மேசையைத் தட்டினான்.

"அவளை விடுடா" என்றாள் செலினா. பாதி அடையோடு தட்டைத் தள்ளிவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வியோலெட்டாவின் கடையில் வெண்ணெய் எட்டு ஸ்வோட்டி நாற்பத்தொன்பது. போன மாதம் ஏழு இருபத்தொன்பது. செலினாவின் விரல் டேப்லெட்டில் எட்டைத் தட்டிவிட்டு அழித்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு காசு மாற்றி எழுதாத விரல். கண் முன்னால் மஞ்சள் அறை வந்தது. கூரையில் ஒட்டிய நட்சத்திரம் வந்தது. அவள் ஏழு இருபத்தொன்பது என்று தட்டினாள். ரொட்டி, முட்டை, கோழி எல்லாவற்றுக்கும் பழைய விலை. தன் பட்டியலிலிருந்த பதினொரு கடைகளிலும் அப்படியே செய்தாள். திருடியவளைப் போல வேர்த்து வீடு திரும்பினாள். ஆனாலும் இந்த மாதம் வட்டி ஏறாது என்று நெஞ்சின் ஓரத்தில் ஒரு சின்ன நம்பிக்கை மினுங்கியது.

இரண்டாம் நாள் மேலதிகாரி ஓல்கியர்ட் அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"உங்க எண்ணுல ஒண்ணுகூட ஏறலையேன்னு நேத்து நானே வியோலெட்டா கடைக்குப் போனேன் செலினா. வெண்ணெய் எட்டு நாற்பத்தொன்பது. உங்களுக்குக் கண்ணாடி மாத்தணுமா, இல்லை வேற ஏதாவதா?"

அவள் அழுதாள். மகன், வீடு, மஞ்சள் அறை எல்லாம் சொன்னாள். அவர் சரியான விலைகளை அவளிடமே ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருத்தினார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் இதை மேலே எழுதப் போறதில்ல. உங்களுக்குப் பென்ஷன் வர இன்னும் கொஞ்ச வருஷம்தானே இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கறேன். நாடு முழுக்க எத்தனை ஆயிரம் கடை! உங்க பதினொரு கடை அதுல இருக்கிற இடம் தெரியாம கரைஞ்சிடும். இதுக்குப் போயா இருபத்திரண்டு வருஷ நாணயத்தைத் தூக்கிப் போட்டீங்க?"

தண்டனை கிடைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பெற்ற பிள்ளைக்காகத் துணிந்து செய்த பாவத்துக்கு ஒரு குண்டுமணி எடைகூட இல்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்த மாதமும் வட்டி ஏறியது.

தவணையில் மேசை நாற்காலி வாங்க ஆளில்லாமல் மரச்சாமான் கடை காற்று வாங்கியது. முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் இகா. வீட்டை விற்கப் போனால், கடன் போட்டு வீடு வாங்கவும் ஆள் இல்லை. முழுப் பணத்தோடு வந்த ஒருவன் கேட்ட அடிமாட்டு விலைக்குத்தான் கொடுத்தார்கள். வங்கிக்குக் கட்டியது போக, நார்வேக்குப் போக இரண்டு பேருந்துச் சீட்டும் கொஞ்சம் சில்லறையும் மிஞ்சின. அங்கே மீன் வெட்டும் ஆலையில் வேலை.

பேருந்து நிலையத்தில் செலினா மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான்டா கெடுத்தேன். மாறுற வட்டியைப் போடுன்னு நான்தானே..."

"நீ சொன்னே, நான் போட்டேன். கையெழுத்து என்னோடதும்மா" என்றான் பாட்ரிக். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. இகா ஏறுவதற்கு முன் மாமியாரின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டு, "குளிர்ல நிக்காதீங்க அத்தை" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வசந்தத்தில் வியோலெட்டா வாசலிலிருந்தே கத்தினாள். "வாங்க செலினாம்மா, நல்ல சேதி! வெண்ணெய் அஞ்சு தொண்ணூத்தொன்பது! இனிமே உங்களைப் பார்த்து நான் பயப்பட மாட்டேன்."

"எப்படி இறங்குச்சு?"

"எப்படின்னா? சனங்க வாங்கினாத்தானே! பாதிப் பேர் மலிவான மார்கரினுக்கு மாறிட்டாங்க. மீதிப் பேர் ஊரைவிட்டே போயிட்டாங்க. குறைக்காம நான் என்ன பண்றது?"

செலினா விலைச் சீட்டை இரண்டு தடவை படித்தாள். பெரியவர்கள் நினைத்தது நடந்துவிட்டது. அந்த இரண்டரை ஸ்வோட்டி எங்கிருந்து குறைந்தது என்று அவளுக்கு மட்டும் கணக்குத் தெரிந்தது. ஒரு மஞ்சள் அறை. பிறக்காத ஒரு பேரக்குழந்தை. நார்வேயின் குளிரில் மீன் நாற்றம் போகாத இரண்டு ஜோடிக் கைகள். அவள் ஐந்து தொண்ணூற்றொன்பது என்று தட்டினாள். இந்தத் தடவை எதையும் அழிக்கவில்லை.

"ஒரு பாக்கெட் எடுத்துட்டுப் போங்களேன். இத்தனை வருஷம் எழுதினீங்க, ஒரு நாளாவது வாங்குங்க" என்றாள் வியோலெட்டா.

செலினா கையை நீட்டி ஒரு பாக்கெட்டை எடுத்தாள். இருநூறு கிராம். சில்லென்று இருந்தது.

"யாருக்கு?" என்று கேட்டாள்.

செலினா பாக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ரொட்டி அலமாரிப் பக்கம் நகர்ந்தாள்.