பால் டின் பூவாளி

செந்தூலில் பாலர் வகுப்பு நடத்திய கதையை யாராவது கேட்டால் பெருமையாகத்தான் ஆரம்பிப்பேன். காசே இல்லாமல் அந்தக் குழந்தைகளுக்கு என்னவெல்லாம் செய்து கொடுத்தேன் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு போவேன். பால் டின் இடத்துக்கு வந்ததும் பேச்சை மாற்றிவிடுவேன். இத்தனை வருடமாக மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். இன்றைக்கு அதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். அப்பா ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி, பிரிக்ஃபீல்ட்ஸில் குவார்ட்டர்ஸ். செந்தூல் ரயில் ஒர்க்ஷாப்பில் வேலை செய்த கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்காக ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. எழுத்துப் பழகும் வயதுகூட வராத வாண்டுகள் அக்கா அண்ணனோடு வந்து வாசலில் மண்ணை அளைந்துகொண்டிருக்கும். அதுகளைச் சேர்த்து ஒரு வகுப்பு நடத்துகிறேன் என்று நானே போய்க் கேட்டேன். தலைமையாசிரியர் சிரித்தார். "நடத்தும்மா. ஆனா சாமான் கீமான்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் சல்லிக்காசு எனக்கு வேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சொன்னபடியே செய்தும் காட்டினேன். ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி வந்து எண்ணப் பழக்கினேன். தீப்பெட்டிகளைக் கோத்து ரயில் விட்டோம். ஒர்க்ஷாப்பில் கை துடைத்துப் போடும் பஞ்சுக் கழிவை அப்பன்மார் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதில் பொம்மை கட்டினோம். எண்ணெய் நாற்றம் குமட்டும். குழந்தைகளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கும். மரவள்ளி மாவைக் காய்ச்சிப் பசை செய்தேன். ஒரு பயல் பாதியைத் தின்றுவிட்டான். சுவரில் கரித்துண்டால் யானை வரைந்தோம். நான் வரைந்தது பன்றி மாதிரி இருந்ததென்று எல்லாருமாகச் சேர்ந்து சொன்னார்கள்.

மூன்றாம் மாதம், பள்ளிக்கூடங்களைப் பார்க்கும் வெள்ளைக்காரத் துரை வருகிறார் என்று செய்தி வந்தது. அவருக்குப் பிடித்தால் பாலர் வகுப்பு நிலைக்கும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தலைமையாசிரியர் இதைச் சொன்ன தோரணையிலேயே எனக்கு வெறி பிடித்துவிட்டது. துரை மூக்கில் விரலை வைக்கும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்ததுதான் பூவாளி.

தேங்காய்ச் சிரட்டையில் ஆளுக்கொரு அவரை விதை ஊன்றுவது. காலியான கட்டிப்பால் டின்னின் அடியில் ஆணியால் ஐந்து ஓட்டை போடுவது. குழந்தை ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு விரலை வைத்து ஒன்று முதல் ஐந்து வரை எண்ணும். பிறகு விரல்களை எடுத்துத் தண்ணீர் விடும். எண்ணும் பழகும், செடியும் வளரும், செலவும் இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"நாளைக்கு எல்லாரும் வீட்டிலயிருந்து ஒரு வெறும் பால் டின் கொண்டு வரோணும்" என்று சொல்லி அனுப்பினேன். எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு டின் தீரும், குப்பையில் போடுவோம். அதனால் பால் டின் என்றால் குப்பை என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு நாளில் எல்லாரும் கொண்டுவந்துவிட்டார்கள், பாதிக்கு மேல் துருப்பிடித்தவை. ஒரே ஒரு சிறுமி மட்டும் வெறுங்கையோடு வந்தாள். நாலரை வயது இருக்கும், காதில் வேப்பங்குச்சி, எதைக் கேட்டாலும் உடனே சிரிப்பாள். அவள் அப்பா ஒர்க்ஷாப்பில் தகர வேலை செய்தவர். வியாபாரம் படுத்துப்போன மந்தக் காலத்தில் ஆட்குறைப்பு செய்தபோது அவருக்கும் வேலை போயிற்று. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதையும் டின்னையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

"இண்டைக்கும் கொண்டுவரேல்லையோ?"

"இல்ல டீச்சர்."

"எல்லாரும் கொண்டுவந்திட்டினம். உனக்கு மட்டும் என்ன?"

அவள் சிரித்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மற்றவர்கள் விதை ஊன்றும்போது அவளை மூலையில் நிற்க வைத்தேன். இரண்டு நாள் நிற்க வைத்தேன். இரண்டாம் நாள் அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் டின் வந்தது. துரு இல்லாமல் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. மேல் விளிம்பை மடித்து மழமழவென்று தட்டியிருந்தார்கள், நாக்கை வைத்தாலும் கிழிக்காது. பக்கத்தில் முறுக்கிய கம்பியில் அழகான கைப்பிடி. கண்ணுள்ள எவருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்கும். எனக்கோ, அடடா, குழந்தைகள் கையைக் கிழிக்காத டின், துரைக்குக் காட்ட இதுதான் சரி என்றுதான் தோன்றியது. மற்றவை எல்லாம் கயிற்றில் தொங்கும்போது இது மட்டும் ஒட்டாமல் தெரிகிறதென்று கைப்பிடியைப் பிரித்து எடுத்தேன். அந்தக் கம்பி தீப்பெட்டி ரயிலுக்கு உதவியது. ஆணியை வைத்து ஐந்து அடி அடித்தேன். சிறுமி பக்கத்தில் நின்று ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடி மூடித் திறந்தாள்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளே வராமல் வாசற்படிக்குக் கீழேயே நின்றார்.

"டீச்சரம்மா, பாப்பா எனக்குத் தெரியாம எடுத்தாந்துருச்சுங்க. அந்த டின்னக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா..."

ஜன்னல் கம்பியில் டின்கள் வரிசையாகத் தொங்கின. நடுவில் ஒன்று போனால் பொக்கை வாய் மாதிரி இருக்கும்.

"துரை வந்து பாத்திட்டுப் போகட்டும். பிறகு தாறன்."

"எத்தன நாளுங்கம்மா?"

"நாலு நாள்."

அந்த அம்மா வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எதற்காகக் கேட்கிறார் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒரு வெறும் டின்னுக்காக வந்து நிக்குது அந்த மனுசி" என்று தலைமையாசிரியரிடம் சொல்லிச் சிரித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

துரை வந்தார். எல்லாம் நான் நினைத்ததற்கு மேலாகவே நடந்தது. அந்தச் சிறுமியைத்தான் முன்னால் நிறுத்தினேன், அவளுடைய டின்தான் பார்வைக்கு லட்சணமாக இருந்தது. அவள் அடியில் விரல் வைத்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று கணீரென்று எண்ணி, அவரைச் செடிக்குத் தண்ணீர் விட்டாள். துரை குனிந்து பார்த்தார். இதற்கெல்லாம் என்ன செலவு என்று என்னிடம் கேட்டார்.

"நத்திங், சார்" என்றேன்.

வகுப்பு நிலைத்தது. தலைமையாசிரியர் என்னை முதல் முறையாக 'டீச்சர்' என்று அழைத்தார். நான் சொன்ன சொல் தவறாமல் அன்று மாலையே டின்னைச் சிறுமியிடம் கொடுத்தனுப்பினேன், ஓட்டைகளோடு, கைப்பிடி இல்லாமல்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் வரவில்லை. துரை மெச்சிய பிள்ளை வராமல் இருந்தால் எப்படி என்று எனக்கு மறுபடி கோபம். அம்மாக்காரியை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவதென்று பள்ளி விட்டதும் அவர்கள் குடியிருந்த கூலி லயத்துக்கு நடந்தேன். போகும் வழியெல்லாம் என்ன கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சிறுமிக்கு ஒன்றுமில்லை, மூன்று வயதுத் தம்பிக்குத்தான் காய்ச்சலாம், அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் அந்த அம்மா பதறிப்போய் ஒரு சாக்கை உதறி விரித்தார். "இருங்கம்மா, காப்பி தாரேன்" என்று அடுப்படிக்கு ஓடினார். பிறகு பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்த் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். ஒரு தம்ளரைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு திரும்பி வந்தார்.

அப்போதுதான் அடுப்படிப் பலகையைப் பார்த்தேன். ஒரு சட்டி, ஓர் அகப்பை. குடிக்க ஒரு பாத்திரமும் இல்லை. முன்பு இருந்தவை, வேலை போன பிறகு ஒவ்வொன்றாய் விலைக்குப் போயிருக்கின்றன. சீனன் கடையில் காப்பியைப் பால் டின்னில் ஊற்றிக் கயிறு கட்டிக் கொடுப்பார்களே, அதற்காகக் காலி டின்னையும் காசு கொடுத்து வாங்குவார்கள், சும்மா யார் கொடுப்பார்கள்? இவர்களோ பால் வாங்குவதே இல்லை. எப்போதோ கிடைத்த ஒரே டின்னைச் சிறுமியின் அப்பா ஒர்க்ஷாப்பில் வேலை இருந்த நாளில் விளிம்பு தட்டி, கைப்பிடி முறுக்கிக் குவளையாக்கி வைத்திருக்கிறார்.

சிறுமி தம்பியைச் சுவரோரம் உட்கார வைத்துக் கஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதே டின். அடியில் ஒரு கையை விரித்து ஏந்தியிருந்தாள். என்னைக் கண்டதும் பழையபடி சிரித்தாள்.

"ஒழுகாது டீச்சர். அஞ்சு வெரலையும் வெச்சிட்டா ஒழுகாது." தம்பியின் வாயிலிருந்து டின்னை எடுக்காமலே எண்ணிக் காட்டினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"மெழுகு வெச்சு அடைச்சோங்க. சூடு பட்டா உருகிருது" என்றார் அம்மா, ஏதோ தன் தவறு போல.

நாலு வார்த்தை கேட்க வந்தவள் சாக்கில் உட்கார்ந்தேன். இரவல் தம்ளரில் வந்த கறுப்புக் காப்பியைக் குடித்தேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

மறுநாள் வீட்டிலிருந்து எனாமல் மக் ஒன்றை எடுத்துப் போய்க் கொடுத்தேன், நீலக்கரை போட்டது. அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கணக்குத் தீர்ந்தது என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பரவுகிறதே என்று அந்தப் பக்கம் போனேன். உட்காரச் சொன்னார்கள். பலகையின் உச்சியில் ஒரு துணிக்குள் சுற்றி வைத்திருந்த நீலக்கரை மக்கை எடுத்து, கழுவி, காப்பி ஊற்றி என்னிடம் நீட்டினார்கள். கரையில் ஒரு கீறல் இல்லை.

"ஒங்களுக்குன்னே வெச்சிருக்கேங்கம்மா. பிள்ளைங்க கைய வெக்க விடல" என்றார் அந்த அம்மா.

எனக்கு எதிரே சிறுமியும் தம்பியும் அந்த டின்னில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். அவன் குடிக்கும்போது அவள் விரல் வைத்தாள். அவள் குடிக்கும்போது அவன் வைத்தான். அவனுக்கு இன்னும் மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது. மீதி இரண்டு ஓட்டையும் ஒழுகிக்கொண்டிருந்தன.