நாலு பக்க விருந்து

நம் கையெழுத்துப் பத்திரிகையின் சென்ற இதழில், அந்தப் பெரிய எழுத்தாளரின் நாவலில் கல்யாண விருந்து நாலு பக்கம் நீள்வதைக் கிண்டல் செய்திருந்தேன். நீங்களும் சிரித்தீர்கள்.

பிறகுதான் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு கைக்குக் கிடைத்தது. அந்த விருந்தை எழுதிய நாட்களில் அவர் வீட்டில் அடுப்பே எரியவில்லையாம்.

மனசு கேட்காமல், இன்று காரியாபட்டியில் பஸ் ஏறியதும் அதே பக்கங்களைத் திறந்தேன். சாம்பார் வந்தது. ரசம் வந்தது. பாயசமே மூன்று வந்தது. இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது.

"ஐயோ, என்னா நீளம்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் இருந்த நெசவு நூல் வியாபாரி புத்தக அட்டையைப் பார்த்தார்.

"அவுக பட்டினி கெடந்து எழுதுனதாச்சே! அதப் போயி நீளம்ங்கிறீகளே, மனுசந்தானா நீங்க?"

"நீங்க படிச்சிருக்கீகளா?"

"படிச்சுத்தான் தெரியணுமாக்கும்? அவுக பட்ட பாடு ஊருக்கே தெரியுமே!"

எரிச்சலில் புத்தகத்தை அவர் மடியிலேயே வைத்தேன். பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடும் பஸ். அதன் பின்புறக் கரியடுப்பைக் கிளறிவிட நடுவழியில் நிறுத்தியிருந்தார்கள். வேறு போக்கில்லாமல் வியாபாரி படிக்க ஆரம்பித்தார்.

பாளையம்பட்டி வருவதற்குள் குறட்டை. விரல் ரசத்தில் நின்றிருந்தது.

புத்தகத்தை மெல்ல உருவிக்கொண்டேன். எழுத்தாளரின் பசிக்கு இரக்கப்பட ஊரே இருக்கிறது. அவர் போட்ட பந்தியில் கடைசிவரை உட்காரத்தான் ஆளில்லை.

வெற்றிலை பாக்கு வரை படித்தவர்கள் கையெழுத்துப் போடக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

பொய்க் கையெழுத்து வேண்டாம். நானே இன்னும் போடவில்லை.