செம்பூர் கொல்லையில் மூன்று குழிகள்

1. சிவப்பு மண்

தோட்ட வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கணுக்கால் புதையும் சேற்றில் இறங்கினேன். யுத்தம் முடிந்திருந்த சமயம். தாராவியிலிருந்து ஆறு பேர் குர்லாவில் வண்டி மாறிச் செம்பூர் போனோம். மாடசாமி அண்ணாச்சிதான் முக்காதம். ஆள் பிடிப்பது, வேலை பிரித்துக் கொடுப்பது எல்லாம் அவர். என் வேலை கமேலாவில் மண் சுமப்பது. இரும்புச் சட்டிக்குப் பம்பாயில் அதுதான் பேர்.

வீடு விஸ்வநாத அய்யருடையது. கப்பல் கம்பெனி ஒன்றில் ஹெட்கிளார்க். மாட்டுங்காவில் இரண்டே அறையில் பல வருஷம் குடியிருந்துவிட்டு, அப்போதுதான் செம்பூரில் இந்த வீட்டை வாங்கியிருந்தார். பின்னால் நல்ல விசாலமான கொல்லை. ஆனால் மழை நின்று தை மாதம் பிறந்தும் அது காயவில்லை. கறிவேப்பிலைக் கன்று இரண்டு தடவை வேர் அழுகிச் செத்தது. சமையலறைச் சுவரில் ஈரம் இடுப்பு உயரம் ஏறியிருந்தது. கொசுக்கடியில் அவர் மகளுக்குக் குளிர்காய்ச்சல் வந்து வந்து போயிற்று.

"இன்னும் ஒரு மழை பாக்கறேன். அப்பறமும் இப்படின்னா வித்துட்டு மாட்டுங்காவுக்கே போயிடலாம்" என்று அவர் தன் மனைவி பர்வதம் மாமியிடம் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. மாமி விருட்டென்று உள்ளே போனார். செடி வைக்க மண் இருக்கிறது என்பதற்காகவே செம்பூருக்கு வரச் சம்மதித்தவர் அவர்.

அண்ணாச்சி வண்டி வண்டியாகச் சிவப்பு மண் கொண்டுவந்து கொட்டச் சொன்னார். கொட்டினோம், மிதித்தோம், மேடாக்கினோம். எட்டே நாளில் புது மண்ணும் குழைந்துவிட்டது.

2. மூன்று குழி

சுமக்கிறவளுக்குத் தரை எப்படியென்று பாதம் சொல்லிவிடும். குன்றை ஒட்டின மேட்டுப் பக்கத்து மதிலோரம் கால் அதிகமாக அமுங்குவதைக் கவனித்திருந்தேன். இது வெறும் மழைத் தண்ணீராக இருந்தால் பள்ளத்தில்தான் அதிகம் தேங்கியிருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, மூணு எடத்துல குழி போட்டுப் பாப்பமா? மதிலோரம் ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடுப்பங்கரைப் பக்கம் ஒண்ணு."

"மண்ணு சொமக்க வந்தவ மண்ணு சொம. ஒனக்கு எதுக்கு இந்த ரோசனை?"

துணி உலர்த்திக்கொண்டிருந்த மாமி திரும்பினார். "அவ சொல்றபடி ஒரு தரம் தோண்டிப் பாருங்கோ. குழிதானே, மூடிட்டாப் போச்சு."

இடுப்பளவு தோண்டினோம். மேலே இளகின மண். அதற்குக் கீழே கடப்பாரைக்கே மசியாத மஞ்சள் களிமண். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மதிலோரக் குழியில் பாதிக்கு மேல் தண்ணீர். நடுக்குழியில் கையளவு. சமையலறைப் பக்கத்தில் வெறும் ஈரம்.

"என்னாக்கும் இதுக்கு அர்த்தம்?" என்றார் மாமி.

"குன்றுப் பக்கத்துத் தண்ணி மதிலுக்கு அடியால வருதும்மா. களி கீழ விடமாட்டேங்கு. அதனால அது மேலயே நடந்து வந்து உங்க சுவர்ல முட்டுது. நாம எத்தனை மண்ணு கொட்டினாலும் அது குடிச்சுக்கிட்டேதான் இருக்கும். உள்ள வரதுக்கு முன்னாலயே மதிலோரத்துல மறிச்சு ரோட்டு சாக்கடைக்குத் திருப்பிரணும்."

அண்ணாச்சி மூன்று குழியையும் இன்னொரு தடவை சுற்றி வந்தார். மதிலோரத்தைக் காலடியால் அளந்தார். பிறகு, "கயிறு எடுத்துட்டு வா, கோடு போடணும்" என்றார்.

3. நடுவில் விழுந்த பள்ளம்

மதில் நீளத்துக்கும், ரோட்டு சாக்கடை வரைக்கும், களியைத் தொடுகிற ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினோம். அடியில் உடைந்த செங்கல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் பழைய சாக்கு, கடைசியில் மண். மூடின பிறகு மேல்முனையில் தண்ணீர் ஊற்றினேன். ரோட்டு முனைக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை.

தப்பு என்னுடையது. அடிமட்டம் ஒரே சீராகச் சரிய வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்ததைக் கவனிக்காமல் கல்லைப் போட்டு மூடிவிட்டேன். மூன்று நாள் வேலையைத் திரும்பப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆட்கள் முணுமுணுத்தார்கள். "சொன்னவளே பிரிக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. நானே பிரித்தேன். இந்தத் தடவை கல் போடுவதற்கு முன்பே நாலடிக்கு ஒரு தரம் செம்புத் தண்ணீர் ஊற்றி, ஓடுகிறதா என்று பார்த்துப் பார்த்துப் போனேன். தயங்கின இடத்தைச் செதுக்கினேன். அப்புறம்தான் மூடினேன்.

4. ஆனி மழை

முதல் பெருமழை இரண்டு நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் கொஞ்சம் வெறித்ததும் அண்ணாச்சியும் நானும் செம்பூர் ஓடினோம். வீட்டுக்குள் போகவில்லை, நேரே ரோட்டு முனைக்குப் போனோம். வாய்க்கால் வாயிலிருந்து என் கைத்தண்டி தண்ணீர், கண்ணாடி மாதிரித் தெளிவாக, சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே குந்தி உட்கார்ந்து, அதில் கையை நனைத்துக்கொண்டே இருந்தேன்.

பின்பக்கம் போனபோது பர்வதம் மாமி வெறுங்காலோடு கொல்லையின் நடுவில் நின்றிருந்தார். பாதம் புதையவில்லை. அய்யர் குடையைப் பிடித்தபடி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே விக்கற பேச்சு உண்டோ?" என்று மாமி கேட்டார்.

"யார் சொன்னா விக்கறேன்னு?" என்றார் அய்யர். மாமி சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஒரு மூலை மட்டும் ஈரமாகவே இருந்தது. அது கொல்லையிலேயே தாழ்ந்த இடம். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஈரம் பிடிக்கிற செடியை வைத்துவிடலாம் என்றேன். சேம்பும் கல்வாழையும் வைத்தோம். தீபாவளி சமயத்தில் சேம்பு இலை முறம் அளவுக்கு விரிந்திருந்தது. சமையலறைச் சுவர் காய்ந்துவிட, அதற்கு வெள்ளையடித்திருந்தார்கள்.

அடுத்த வேலை மாட்டுங்காவில். அங்கேயும் தோட்டத்தில் தண்ணீர் தேங்கியது. மண் கொட்டி மேடாக்கச் சொன்னார் வீட்டுக்காரர். அண்ணாச்சி பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க செல்லம்மா மொதல்ல குழி போட்டுப் பாக்கட்டும். அவ சொன்ன பொறவுதான் நாங்க மண்வெட்டியத் தொடுவோம்."

நான் தலையிலிருந்த கமேலாவை இறக்கி வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தேன். அதற்கப்புறம் எத்தனையோ தோட்டங்கள் பார்த்துவிட்டேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: தண்ணீர் நிற்கிற இடத்தை யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள். அது வருகிற வழியை நீங்கள்தான் தோண்டிக் கண்டுபிடிக்க வேண்டும்.