டிரம்மில் போர்த் தண்ணீர்

பட்டறையில் அவருக்கு 'வெடி' என்று பெயர். வெல்டிங்கில் கெட்டிக்காரர், கோபம் வந்தால் கண் மண் தெரியாது. மேஸ்திரியின் பல்லை உடைத்து ஒரு வேலை போனது. லாரி டிரைவரை நெற்றியால் முட்டி இன்னொன்று போனது. "வீட்டுக்குள்ள கை நீட்டினா நான் இருக்கமாட்டேன்" என்று மனைவி கல்யாணமான வாரமே சொல்லியிருந்தாள். அதை மட்டும் பன்னிரண்டு வருடம் காப்பாற்றினார்.

கூடத்தில் மூன்றடி மீன்தொட்டி. நீலமும் சிவப்புமாக, விரல்நுனி அளவு மீன்கள். அந்த வீட்டு ஆழ்துளைப் போர்த் தண்ணீர் பாத்திரத்தில் காய்ந்தாலே வெள்ளைப் பொருக்குத் தட்டும். முதலில் வாங்கிய மீன்கள் ஒரு வாரம் தாங்கவில்லை. அதனால் மாடியில் டிரம் வைத்து மழைநீர் பிடித்தார். மூன்று வாளி மழைநீருக்கு ஒரு வாளி போர்த் தண்ணீர் கலந்து, கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து, உப்புக் கடினம் காட்டும் சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். ஐந்தாவது சொட்டில் சிவப்பு பச்சையானால் தண்ணீர் பதம். அப்புறம் மீன்கள் முட்டையே இட்டன.

ஒரு ஞாயிறு காலை சோதிக்காமல் தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றிவிட்டார். மதியத்துக்குள் இருபத்தாறு மீன்களும் வயிறு மேலாக மிதந்தன. டிரம் தண்ணீரைக் குழாயில் எடுத்து எண்ணினார். பத்தொன்பதாவது சொட்டில்தான் பச்சை வந்தது. சுத்தப் போர்த் தண்ணீர்.

மாடி அறையில் தம்பி படுத்திருந்தான்.

"டிரம் தண்ணிய என்னடா பண்ண?"

"பைக் கழுவினேன்ண்ணா. டிரம் காலியாயிடுச்சு, திட்டுவீங்கன்னு போர்ல ஹோஸ் போட்டு ரொப்பிட்டேன். தண்ணிதானே!"

பேச்சு முடியுமுன் குத்து வாயில் விழுந்தது. தம்பி படியில் உருண்டு கூடத்துக்கு ஓடினான். அண்ணன் இரும்புக் குழாயோடு பின்னாலேயே இறங்கினார். இரண்டாவது அடியில் தம்பியின் முழங்கை எலும்பு முறிந்த சத்தம் சமையலறை வரை கேட்டது. தம்பி மறு கையால் ஸ்டூலைத் தூக்கி வீசினான். அவர் குனிந்தார், தொட்டி உடைந்து கண்ணாடியும் தண்ணீரும் கால்களில் பாய்ந்தன.

"விடுங்க, செத்துடுவான்!" என்று பின்னாலிருந்து மனைவி தோளைப் பிடித்தாள். திரும்பிப் பார்க்காமல் முழங்கையை வீசினார். அவள் தலை கதவுச் சட்டத்தில் மோதியது. இடது காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் குழாய் கையை விட்டு நழுவியது.

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸிடம் தம்பி, படியில் விழுந்ததாகச் சொன்னான். அதன்பின் அண்ணனோடு பேசவேயில்லை. மனைவி பெட்டியைக் கட்டினாள்.

"உன்னை அடிக்கணும்னு நினைக்கலம்மா. பாக்கல."

"பாத்து அடிச்சீங்களோ பாக்காம அடிச்சீங்களோ, என் காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏழு மாதம் கழித்து, காது டாக்டரிடம் கூட வர அவரை அனுமதித்தாள். இடது காதில் கேட்கும் திறன் இனித் திரும்பாது என்றார் டாக்டர். வெளியே வந்து, அவளுக்கு இடப்பக்கமாக நடந்தபடி, இத்தனை மாதம் மனதுக்குள் உருப்போட்டதையெல்லாம் தலைகுனிந்து சொல்லி முடித்தார். பஸ் நிறுத்தத்தில் அவள் திரும்பினாள்.

"ஏதாவது சொன்னீங்களா?"



"பஸ் வருது" என்றார்.