தங்காக்கில் கரைந்த பை

எங்கள் பெர்மாஸ் ஜெயா கோயிலில் ஆடித் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுப்போம். சட்டியில் பயறு முளைக்கவைத்து, வளர்ந்ததும் தலையில் சுமந்து போய்க் கடலில் கரைப்போம். போன ஆண்டு சிலர் சட்டிக்குள் பிளாஸ்டிக் பை விரித்து முளை போட்டிருந்தார்கள். பையோடு தூக்கிப் போட வசதியாம். மறுநாள் கரையெங்கும் அந்தப் பைகள் ஒதுங்கிக் கிடந்தன. பார்க்கவே மனது கூசியது.

இந்த ஆண்டு மகளிர் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். "கவலைய விடுங்க. என் பேத்தி வேல செய்யுற எடத்துல கெழங்குச் சக்கையில பை செய்யுறாங்க. தண்ணியில போட்டா கரைஞ்சிடும். எல்லாருக்கும் நானே வாங்கியாறேன்" என்றேன். நான் ஐந்தாம் வகுப்பு. என் பேத்தி வதனி வேதியியல் பட்டதாரி. சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிருக்கும். முளை போடும் வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை, அவள் வேலை செய்யும் தங்காக்குக்குப் புறப்பட்டேன்.

லார்க்கின் நிலையத்தில் காலை ஏழரைக்குப் பேருந்து. கட்டணம் இருபத்திரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். ஏறக்குறைய நூற்று எழுபது கிலோமீட்டர், மூன்று மணி நேரம். இடப்பக்கச் சன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெயில் படாது. ஊரைத் தாண்டியதும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைதான், வரிசை வரிசையாக. மரங்கள் ஓடுகின்றனவா நான் ஓடுகிறேனா என்று தெரியாத ஒரு மயக்கம் வந்தது. கண் மூடித் திறந்தால் மூடுபனிக்கு மேலே லேடாங் மலை, அடிவாரமே இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் இறங்கத் தயாராகிவிடலாம்.

நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்கு வாடகைக் கார், பதினைந்து வெள்ளி. ஓட்டியவர் நம்மவர். தங்காக் துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர்.

"சேலை எடுக்கத்தானே வந்தீங்க பாட்டி? எந்தக் கடை?"

"சேலை இல்ல தம்பி. கெழங்குச் சக்கையப் பாக்க வந்தேன்."

"அலமாக்! தங்காக்குக்கு வந்து சக்கையப் பாக்குற மொத ஆளு நீங்கதான் லா!"

பக்கத்து மரவள்ளிக்கிழங்கு ஆலையில் மிஞ்சும் தோலும் சக்கையும் முன்பெல்லாம் குட்டையில் கிடந்து நாறுமாம். இப்போது அவை வதனியின் தொழிற்சாலைக்கு வருகின்றன. சக்கையில் ஒட்டியிருக்கும் மாவைப் பெரிய தொட்டிகளில் புளிக்கவைக்கிறார்கள். தோசை மாவு வாசம்தான், ஆயிரம் வீட்டு மாவு ஒன்றாகப் பொங்கினாற்போல. அதிலிருந்து பல படிகள் தாண்டி வெள்ளை மணிகள் வருகின்றன. மணியை உருக்கினால் பை. கையில் அள்ளினால் ஜவ்வரிசிதான். அப்படியே பாயசம் வைத்துவிடலாம் போலிருந்தது.

"சும்மா வந்துடல பாட்டி இது," என்றாள் எனக்குச் சுற்றிக்காட்டிய வதனி. "கொதிகலன் எரியுது, கரண்ட் ஓடுது, தண்ணி நெறைய வேணும். கழுவுன தண்ணியச் சுத்தம் பண்ணாம வெளிய விடக்கூடாது. குட்டை நாத்தம் நின்னுச்சு, அது லாபம். மத்ததையும் கணக்குல எடுக்கணும்ல?"

"சரிம்மா. கோயிலுக்குப் பை கட்டி வச்சிட்டியா?"

"எதுக்குன்னு இன்னும் சொல்லலியே நீங்க?"

சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. கொல்லைப்புறம் கூட்டிப்போனாள். அங்கே ஒரு தொட்டியில் கடல் தண்ணீர். அதற்குள் ஒரு பை, நேற்றுக் கடையில் வாங்கியது போல முழுசாக ஆடிக்கொண்டிருந்தது.

"போன தீபாவளிக்கு முன்ன போட்டது. கடல்ல இது கரையாது பாட்டி. ஆமை தின்னாலும் தின்னுடும். குடுக்கமாட்டேன்."

"நீ செய்யுற பைய நீயே கொறை சொல்றியா? கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லிட்டேண்டி! கோயில்ல அந்தச் செல்லம்மா என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவா!"

"நான் செய்யுற பைங்கறதாலதான் சொல்றேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அந்தப் பார்வை என்னுடையது, எனக்குத் தெரியும்.

பிறகு பக்கத்துக் கொட்டகையைக் காட்டினாள். ஆள் உயர உரக் குவியல்கள், இலைதழையும் சக்கையும் கிழிந்த பைகளுமாக. ஒன்றைக் கிளறிவிட்டார்கள். குப்பென்று ஆவி எழுந்து கூரைவரை போனது. புட்டுப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் சூடு. ஆவிக்குள் வதனி தெரிந்தாள், மறைந்தாள், மறுபடி தெரிந்தாள். அந்தச் சூட்டில், அந்த ஈரத்தில், மாதக்கணக்கில் கிடந்தால்தான் பை மக்குமாம். கடைசிக் குவியலில் கையை விட்டேன். பை என்று ஒன்று இருந்த சுவடே இல்லை. கறுப்பு மண், பொலபொலவென்று.

"இத வேணா கொண்டு போங்க," என்றாள்.

போக நினைப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். சனிக்கிழமை மதியம் மூடிவிடுகிறார்கள். மூடிய காலணி வேண்டும். மக்கும் பை என்று யாராவது விற்றால், எங்கே போட்டால் மக்கும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் துணிப்பையே போதும். சேலைக் கடைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நான் ஒதுக்கினேன், பொய் சொல்வானேன்.

திரும்பி வந்ததும் செல்லம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "எங்கேக்கா உங்க பேத்தி பை? சாக்குல மண்ணுதான் இருக்கு?"

"அதுதான்டி பை. நல்லா மோந்து பாரு. கடல்ல கரையாதுன்னு நேரா சொல்லி அனுப்பிட்டா என் பேத்தி."

இந்த முறை எல்லார் சட்டியிலும் அந்த மண்தான். பயறு எப்போதையும்விட உயரமாக வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று சட்டியைக் கவிழ்த்தோம். மண் கறுப்பு மேகமாக விரிந்து, மெல்ல மெல்லக் கரைந்து போனது. வெறும் சட்டிகளோடு கரையேறி, எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். தண்ணீரில் பச்சை முளைகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன.