எட்டாயிரம் நாளும் ஒரு மஞ்சள் காமாலையும்

கடலூர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜாப் டைப்பிங் கடையில் பதினாறு வருஷமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். சிதம்பரத்திலிருந்து காலையில் ஒரு பஸ், சாயங்காலம் திரும்ப ஒரு பஸ். இந்த அனுபவத்தில் ஒன்றை அடித்துச் சொல்வேன். எங்கள் மாவட்டத்தில் கெடு தாண்டி கோர்ட்டுக்கு வருகிற எல்லோருக்கும் மஞ்சள் காமாலை வந்திருக்கிறது.

அப்பீல் போட நாள் தாண்டிவிட்டால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போட வேண்டும். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டும். அதற்கு எங்கள் வக்கீல்கள் வைத்திருக்கும் ஒரே காரணம், "மனுதாரர் மஞ்சள் காமாலையால் படுத்த படுக்கையாகி, நாட்டு வைத்தியம் பார்த்து வந்தபடியால்." நாட்டு வைத்தியம் என்றால் ஆஸ்பத்திரிச் சீட்டு கேட்கமாட்டார்கள், அதுதான் சூட்சுமம். நான் தட்டிய காமாலை அத்தனையும் நிஜமென்றால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு கீழாநெல்லிச் செடி மிஞ்சியிருக்காது. ஒரு பெரியவருக்கு மூன்று வழக்கில் மூன்று தடவை வரவழைத்திருக்கிறேன். மனுஷர் கல்லுக்குண்டாட்டம் எதிரே நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

போன வருஷம் என் சொந்த விஷயத்தை எடுத்துக்கொண்டு, எனக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் வக்கீல் அம்மாவிடம் போனேன். பதினோரு வயதில் எனக்கு டியூஷன் எடுத்தவர் என்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார். ஒரு வருஷம். இதற்கு மேல் அதை இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஆள் இன்றும் சிதம்பரத்தில் சௌக்கியமாக வாக்கிங் போகிறார். நான்தான் அந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போகிறேன், நாற்பத்து மூன்று வயதில், முட்டி வலியோடு. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நஷ்டஈடு வழக்குப் போட்டு, "நீ செய்தது தப்பு" என்று ஒரு கோர்ட் அவரிடம் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"போலீஸ் கம்ப்ளைண்ட் தனிம்மா, அத அப்பறம் பாக்கலாம்," என்றார் வக்கீல் அம்மா. "நஷ்டஈட்டு வழக்குக்குப் பதினெட்டு முடிஞ்சி மூணு வருஷந்தான் டைம். உனக்கு இருபத்தொண்ணோட முடிஞ்சிபோச்சு."

"தாமத மனு போட்டா?"

"அது அப்பீலுக்கு. புதுசா வழக்குப் போடறதுக்குச் செல்லாது. சட்டத்த மாத்தினாதான் உண்டு. கெடுவ நீட்டச் சொல்லி கொஞ்சம் பேரு சேந்து அரசாங்கத்துக்கு எழுதறோம். நீயும் எழுது. ஏன் லேட்டுன்னு எழுது, அதான் முக்கியம்."

இருபத்தொரு வயதில் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? ஸ்டாப் வந்துவிட்டது என்று கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருவேன். அந்தப் பெண் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டுமாம்.

கணக்குப் பார்த்தேன். எட்டாயிரத்துச் சொச்சம் நாள் தாமதம். தொழில் புத்தி போகுமா? ஒவ்வொரு நாளுக்கும் காரணம் தட்ட ஆரம்பித்தேன். ஒரு நாள் டைப்பிங் பரீட்சை. ஒரு நாள் பெண் பார்க்க வந்தார்கள். ஒரு நாள் அவர்களே மறுபடி வந்தார்கள், பஜ்ஜி பிடித்துப்போய். மகள் வயிற்றில் இருந்த பத்து மாதம் வாந்தி. பல நாள் புயல், கடலூர்க்காரர்களுக்கு அது எப்போதும் கைவசம் இருக்கும். ஆயிரம் நாள் தாண்டுவதற்குள் காரணம் தீர்ந்துவிட்டது.

பிரிண்ட் எடுத்து வீட்டு டிவி மேஜையில் வைத்தேன். மறந்துபோய் வைத்ததாகத்தான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். என் வீட்டுக்காரருக்கு இதில் ஒரு வார்த்தை தெரியாது.

"ஏம்மா, உனக்கு எப்ப காமாலை வந்துச்சு?" என்று கூடத்திலிருந்து சத்தம் கேட்டது. "நாட்டு வைத்தியம் வேற பாத்திருக்க! கண்ணக் காட்டு!"

இரண்டாம் பக்கம் மேலே இருந்திருக்கிறது. பழைய மனு ஃபைலைத் திறந்து அதன் மேலேயே தட்டியதில், அந்தக் காமாலைப் பத்தி அழியாமல் அப்படியே நின்றுவிட்டது. நான் கரண்டியோடு ஓடி வருவதற்குள் அவர், நடந்ததை எழுதியிருந்த முதல் பக்கத்துக்குப் போய்விட்டார். கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"இத்தினி வருஷம் ஏம்மா சொல்லல?"

இவரும் அதையே கேட்கிறாரே என்று இருந்தது. "காமாலைங்க," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பாதியில் அது அழுகையாகிவிட்டது, இரண்டு பேருக்கும்.

மறுநாள் கடையில் காமாலையை அழித்தேன். பரீட்சை, பெண் பார்த்தது, புயல் எல்லாவற்றையும் அழித்தேன். காரணம் என்ற இடத்தில் இதை மட்டும் தட்டினேன்: "என் மகளுக்குப் பதினொன்று முடிந்த அன்று, அலமாரியின் மேல்தட்டு எட்டாமல் முக்காலி போட்டு ஏறினாள். பலூன் வெடித்ததற்கு அழுதாள். பதினோரு வயது எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவரை தப்பு என்னுடையது என்று நினைத்திருந்தேன்."

வக்கீல் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "என்னாம்மா, எட்டாயிரம் நாள்ல ஒரு நாளப் பத்திதான எழுதியிருக்க?"

"ஆமாம் மேடம். கெடுவ அன்னைலேந்து எண்ணச் சொல்லுங்க."