பழைய கேபிளும் ராஃபியா கயிறும்

என் கம்ப்யூட்டர் போன வாரம் கண்ணை மூடிவிட்டது. பட்டனை அழுத்தினால் ஒரு 'டிக்'... அவ்வளவுதான்.

பெர்த்தில் இருக்கும் மகள் கவிதா, பவர் சப்ளை போய்விட்டது, புதிதாக ஒன்று வாங்கி மாட்டினால் போதும் என்றாள். பாகான் டாலாமிலிருந்து வந்து மாட்டித் தரக் கொழுந்தன் தயாராகத்தான் இருந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். என் கணவர் ஒவ்வொரு பாகமாக வாங்கிப் பூட்டிய பெட்டி அது. அவர் போய் இரண்டு வருடமாகிறது. வேறொரு கை அதற்குள் போவது எனக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய வீடியோக்கள் எல்லாம் அதிலுள்ள ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கின்றன. நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்களா?

ஞாயிறு காலை, போனைச் சுவரில் சாய்த்து வைத்து, வீடியோ காலில் கவிதாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே ஒயர்களெல்லாம் சிவப்பு ராஃபியா கயிற்றால் அழகாகக் கட்டப்பட்டிருந்தன. கடையில் தே தாரிக் டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டித் தருவார்களே, அந்தக் கயிறு! அதைக்கூட எறியாமல் சேர்த்து வைக்கிற மனுஷன்.

நல்லவேளை, இது மாடுலர் வகை. பவர் சப்ளையிலிருந்து கேபிள்கள் தனியாகக் கழன்றுவிடும். அவர் கட்டியதை அப்படியே விட்டுவிட்டு, பவர் சப்ளையை மட்டும் மாற்றிவிடலாமே! பழைய கேபிளைப் புதியதில் செருகிப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அம்மா! அத எடுங்க!" என்று கத்தினாள் கவிதா.

"பொருந்துதேமா..."

"பொருந்தும்லா. ஆனா உள்ள ஒயர் வர்ற வரிசை வேற. பவர் போட்டா ஹார்ட் டிஸ்க் எரிஞ்சி போயிரும். அப்பா வீடியோ எல்லாம் போச்சு! புதுசு கூட வந்த கேபிள்தான் போடணும். பழச ஒண்ணு விடாம உருவுங்க. கட்டியிருக்கறத கத்திரி எடுத்து வெட்டுங்க."

போனை எடுத்துக் கயிற்றின் பக்கம் திருப்பினேன்.

"அப்பா கட்டுனதா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "வெட்ட வேணாம்மா. மெதுவா அவுத்துடுங்க."

டார்ச்சைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஹேர்பின்னால் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். முன்பெல்லாம் டார்ச் பிடிப்பது என் வேலை. "நேரா புடி" என்று அவர் அதட்டுவார், நான் முணுமுணுப்பேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் எதற்கு? ஒருவர் ஒயர் மாட்ட, ஒருவர் டார்ச் பிடிக்க. இது இவ்வளவு தாமதமாகத்தான் புரிகிறது.

புதிய கேபிள்களில் எழுதியிருந்ததைப் படித்துப் படித்து, எது எங்கே போக வேண்டுமோ அங்கே, கொக்கி 'டக்' என்று விழும்வரை அழுத்தினேன். பட்டனைத் தட்டினேன். ஒன்றுமில்லை! மறுபடியும் தட்டினேன்.

"பின்னாடி ஸ்விட்ச்சு போடலம்மா" என்றாள் மகள்.

போட்டேன். ஃபேன் சுழன்றது. வீடியோ திறந்தது. ஃபெர்ரியில், காற்றிரைச்சலுக்கு நடுவே, சுருதி சேராமல் அவர் பாடிக்கொண்டிருந்தார். நான் அழுதேன். அந்தப் பக்கம் கவிதாவும்.

அவள் போனை வைத்ததும் வீடு பழையபடி ஆகிவிட்டது. முதல் வேலையாக நகல் எடுத்தேன். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அவிழ்த்த அதே கயிறுகளால் புதிய ஒயர்களைக் கட்டி வைத்தேன். எல்லா முடிச்சும் கோணல்மாணல். அவர் பார்த்தால் கட்டாயம் திட்டுவார்.

வந்து திட்டட்டுமே!